பூட்டு கெட்டிதான், சாவி எங்கே?

கடையில் இருக்கும் இரும்புப் பெட்டிக்குப் பூட்டு உண்டு. வீட்டில் இருக்கும் பீரோவுக்குப் பூட்டு உண்டு. கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்குக்கு?

அதற்கும் பூட்டு உண்டு. கணக்கு எழுதும் சாப்ட்வேரை விற்க வருகிறவர்கள் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

"எங்கள் சாப்ட்வேரில் 256 பிட் என்கிரிப்ஷன் இருக்கிறது. ராணுவம் போடும் பூட்டு. யாராலும் உடைக்க முடியாது" என்கிறார்கள்.

அவர்கள் சொல்வது பொய் அல்ல. அந்தப் பூட்டை உடைக்க முடியாது என்பது உண்மைதான்.

ஆனாலும் கணக்குகள் திருட்டுப் போகின்றன. பெரிய பெரிய கம்பெனிகளிலேயே போகின்றன. அது எப்படி?

திருடர்கள் பூட்டை உடைக்கவில்லை. சாவியை எடுத்துத் திறந்தார்கள். சில இடங்களில் பூட்டே இல்லை. பூட்டு மாதிரி ஒரு படம் மட்டும் தொங்கிக்கொண்டு இருந்தது!

பூட்டைப் பற்றிப் பேசுவது போதும். இனிச் சாவியைப் பற்றிப் பேசவேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

யாருடைய கணக்கு?

"கம்பெனிக்காரன் கணக்கு திருட்டுப் போனால் எனக்கு என்ன?" என்று சிலர் கேட்கலாம்.

அந்தக் கணக்கு கம்பெனிக்காரனுடையது மட்டும் அல்ல. உங்களுடையதும்தான்.

நீங்கள் வேலை பார்க்கும் இடத்தில் உங்கள் சம்பளம் அதில் இருக்கிறது. நகையை அடகு வைத்திருந்தால், எத்தனை சவரன், எவ்வளவு கடன் என்பது அதில் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் உங்கள் வியாதியின் பெயர் அதில் இருக்கிறது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தால், அவன் பிறந்த தேதியும், வீட்டு விலாசமும், உங்கள் டெலிபோன் எண்ணும் அதில் இருக்கின்றன.

முன்பு இவை எல்லாம் பெரிய நோட்டில் இருந்தன. அந்த நோட்டைத் திருட வேண்டுமானால் ஆள் உள்ளே வரவேண்டும். தூக்கிக்கொண்டு போகவேண்டும். நோட்டைக் காணோம் என்று மறுநாளே தெரிந்துவிடும்.

இப்போது அப்படி இல்லை. ஆயிரம் பேருடைய கணக்கை ஒரு நிமிடத்தில் நகல் எடுத்துவிடலாம். நகல் எடுத்தபிறகும் கணக்கு அந்த இடத்திலேயே இருக்கும். திருட்டு நடந்ததே தெரியாது!

அதனால்தான் பூட்டு வேண்டும்.

சங்கேத எழுத்து

என்கிரிப்ஷன் என்றால் என்ன? எழுத்தை, மற்றவர்களுக்குப் புரியாத சங்கேத எழுத்தாக மாற்றுவது. அவ்வளவுதான்.

ரோமாபுரியில் ஜூலியஸ் சீசர் இருந்தார் அல்லவா? அவர் ரகசியக் கடிதம் எழுதும்போது, ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலாக, அதற்கு மூன்று எழுத்து தள்ளி வருகிற எழுத்தை எழுதுவார். வழியில் யாராவது கடிதத்தைப் பிடுங்கிப் பார்த்தால் ஒன்றும் புரியாது.

"மூன்று எழுத்து தள்ளு" என்பது தெரிந்தவர் மட்டும் படிப்பார். அந்த "மூன்று" என்பதுதான் சாவி.

சீசருடைய பூட்டை ஒரு பள்ளிக்கூடப் பையன்கூட உடைத்துவிடுவான். ஒரு எழுத்து தள்ளிப் பார்ப்பான். இரண்டு எழுத்து தள்ளிப் பார்ப்பான். மூன்றாவது தடவை கதவு திறந்துவிடும்.

ஆகவே, ஒரு பூட்டின் பலம் எதில் இருக்கிறது? எத்தனை சாவிகளைப் போட்டுப் பார்க்கவேண்டும் என்பதில் இருக்கிறது.

பிட் என்றால்?

பெட்டிகளில் எண் பூட்டு பார்த்திருப்பீர்கள். மூன்று சக்கரம் இருக்கும். ஒவ்வொன்றிலும் 0 முதல் 9 வரை எண் இருக்கும். மொத்தம் 1,000 சாவி. பொறுமை உள்ளவன் ஒரு மணி நேரத்தில் திறந்துவிடுவான்.

கம்ப்யூட்டர் பூட்டும் இதே மாதிரிதான். ஆனால் ஒரு சக்கரத்தில் இரண்டே எண்தான். 0 அல்லது 1. அந்தச் சக்கரத்துக்குப் பெயர்தான் "பிட்".

இரண்டு எண்தானே என்று ஏளனம் செய்யாதீர்கள். ஒரு சக்கரம் கூடினால், சாவிகளின் தொகை இரண்டு மடங்கு ஆகும். இன்னொன்று கூடினால் நாலு மடங்கு. இன்னொன்று கூடினால் எட்டு மடங்கு.

40 சக்கரம் இருந்தால், சாவிகள் சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் கோடி!

மலைப்பாக இருக்கிறதா? கம்ப்யூட்டருக்கு மலைப்பு இல்லை. வினாடிக்கு 100 கோடி சாவி போட்டுப் பார்க்கும் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தால், 40 பிட் பூட்டு 20 நிமிடத்துக்குள் திறந்துவிடும். ஒரு காப்பி குடித்துவிட்டு வருவதற்குள்!

128 சக்கரம் இருந்தால்?

அந்த மாதிரி கம்ப்யூட்டர்கள் 100 கோடி இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அத்தனையும் ராப்பகலாக வேலை செய்யட்டும். எல்லாச் சாவிகளையும் போட்டுப் பார்க்க 10 லட்சம் கோடி ஆண்டு ஆகும்.

இந்தப் பிரபஞ்சம் தோன்றியே சுமார் 1,380 கோடி ஆண்டுதான் ஆகிறது!

40-க்கும் 128-க்கும் உள்ள வித்தியாசம் மூன்று மடங்கு அல்ல. வேலிப்படலுக்கும் இமயமலைக்கும் உள்ள வித்தியாசம்.

அமெரிக்கா போட்ட தடை

ஒரு காலத்தில் அமெரிக்கா இந்த வித்தியாசத்தை நன்றாகத் தெரிந்துகொண்டு ஒரு காரியம் செய்தது.

கெட்டியான சங்கேதப் பூட்டு போர்த் தளவாடம் மாதிரி என்று அமெரிக்க அரசாங்கம் சொன்னது. துப்பாக்கிக்கு இருந்த கட்டுப்பாட்டை அதற்கும் போட்டது. வெளிநாட்டுக்கு விற்கும் சாப்ட்வேரில் 40 பிட் பூட்டுதான் வைக்கலாம் என்ற நிலை 1990-களில் இருந்தது.

40 பிட் பூட்டின் லட்சணம் 1997 ஜனவரியில் தெரிந்தது. கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் இயன் கோல்ட்பர்க், போட்டிக்காக வைத்த 40 பிட் பூட்டு ஒன்றைத் திறந்தார். அங்கே இருந்த சுமார் 250 கம்ப்யூட்டர்களை இதற்குப் பயன்படுத்தினார். எடுத்த நேரம் மூன்றரை மணி!

அந்த நாளில் "லோட்டஸ் நோட்ஸ்" என்ற சாப்ட்வேர் உலகம் முழுவதும் ஆபீசுகளில் இருந்தது. கடிதம் எழுதவும், தஸ்தாவேஜு வைத்துக்கொள்ளவும் அதைப் பயன்படுத்தினார்கள்.

அதை வாங்கிய வெளிநாட்டார், "40 பிட் எங்களுக்குப் போதாது" என்றார்கள். கம்பெனிக்குத் தர்மசங்கடம். வாடிக்கைக்காரர் ஒரு பக்கம், அரசாங்கம் ஒரு பக்கம்.

1996-ல் கம்பெனி ஒரு வழி கண்டது. வெளிநாட்டாருக்கு 64 பிட் பூட்டு கொடுத்தது. ஆனால் அந்த 64-ல் 24 பிட்டை, அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு ஏஜென்சி மட்டும் படிக்கும்படி ஒவ்வொரு கடிதத்தோடும் சேர்த்து அனுப்பியது. அது வெளிநாட்டுச் செய்திகளை ஒட்டுக்கேட்கும் இலாகா.

மற்றவர்களுக்கு அது 64 பிட் பூட்டு. அந்த இலாகாவுக்கு மட்டும் அது 40 பிட் பூட்டு!

கம்பெனி இதை மறைக்கவில்லை. கூட்டத்தில் பேசியே அறிவித்தது. ஆனால் அந்தப் பேச்சை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

சுவீடன் நாட்டில் பாராளுமன்ற உறுப்பினர்களும், அரசாங்க இலாகாக்களும் இந்த சாப்ட்வேரைப் பயன்படுத்தினார்கள். 1997-ல் அந்த நாட்டுப் பத்திரிகை ஒன்று இந்தச் செய்தியை வெளியிட்டது. "நம்முடைய கடிதத்தின் சாவியில் ஒரு பகுதி அமெரிக்காவிடமா?" என்று நாடே திடுக்கிட்டது.

2000-ம் ஆண்டில் அமெரிக்கா இந்தக் கட்டுப்பாடுகளைப் பெரும் அளவுக்குத் தளர்த்தியது.

இன்றும், "போலீசுக்கு மட்டும் திறக்கிற மாதிரி ஒரு பின்வாசல் வையுங்கள்" என்ற பேச்சு பல நாடுகளில் கேட்கிறது. குற்றவாளியைப் பிடிக்கவேண்டும் என்ற ஆசை நியாயமே. ஆனால் பின்வாசலுக்கு ஆள் தெரியாது. போலீசுக்குத் திறக்கிற வாசல், திருடனுக்கும் ஒருநாள் திறக்கும்.

எல்லாரும் பார்த்த பூட்டு

1977 முதல் அமெரிக்க அரசாங்கம் "டிஇஎஸ்" என்ற பூட்டை வைத்திருந்தது. அது 56 பிட். பேங்குகள் எல்லாம் அதைத்தான் நம்பின.

1998-ல் அதற்கும் முடிவு வந்தது. "எலக்ட்ரானிக் பிரான்டியர் பவுண்டேஷன்" என்ற அமெரிக்கச் சங்கம், அதைத் திறப்பதற்கென்றே ஒரு யந்திரம் செய்தது. இரண்டரை லட்சம் டாலருக்கும் குறைவாகத்தான் செலவு. 56 மணி நேரத்தில் பூட்டு திறந்தது.

புதிய பூட்டு வேண்டும். அமெரிக்க அரசாங்கம் இந்தத் தடவை ரகசியமாகச் செய்யவில்லை. உலகம் முழுவதும் போட்டி வைத்தது. 15 பூட்டுகள் போட்டிக்கு வந்தன. "முடிந்தால் உடையுங்கள்" என்று எல்லா நாட்டு நிபுணர்களுக்கும் அவற்றைக் காட்டினார்கள்.

கடைசியில் ஜெயித்தவர்கள் அமெரிக்கர்கள் அல்ல. பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த ஜோன் டேமன், வின்சென்ட் ரைமன் என்ற இரண்டு பேர்! அவர்கள் செய்த பூட்டை 2001-ல் அமெரிக்க அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. அதற்குப் பெயர் "ஏஇஎஸ்". 128, 192, 256 என்று மூன்று அளவில் அது வருகிறது.

அதன் அமைப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஒளிவு மறைவு இல்லை. ஆனாலும் சரியான சாவி இல்லாமல் திறக்க வழி இல்லை. சாவி மட்டும்தான் ரகசியம்.

"எங்கள் பூட்டு எப்படிச் செய்தது என்பதே ரகசியம்" என்று யாராவது சொன்னால், அவர் கடையில் வாங்காதீர்கள். நாலு பேர் இழுத்துப் பார்த்த பூட்டுத்தான் நல்ல பூட்டு.

திருடன் சொன்ன சாட்சி

இந்தப் பூட்டின் பலத்துக்குச் சாட்சி வேண்டுமா? திருடனே சாட்சி சொல்லியிருக்கிறான்.

2017 மே மாதம் "வான்னாகிரை" என்ற கெட்ட புரோகிராம் சுமார் 150 நாடுகளில் பரவியது. 2 லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களுக்குள் அது புகுந்தது.

அது எதையும் தூக்கிக்கொண்டு போகவில்லை. உள்ளே இருந்த கணக்குகளை ஏஇஎஸ் பூட்டுப் போட்டுப் பூட்டியது. "பணம் கொடு, சாவி தருகிறேன்" என்றது.

இங்கிலாந்தில் அரசாங்க ஆஸ்பத்திரிகள் பல திண்டாடின. நோயாளிகளின் கணக்கைத் திறக்கமுடியவில்லை. ஆபரேஷன்கள் தள்ளிப்போயின.

பெரிய பெரிய நிபுணர்கள் எல்லாரும் கூடினார்கள். அது மேலும் பரவாமல் தடுக்க வழி கண்டார்கள். ஆனால் அந்தப் பூட்டை உடைக்க யாராலும் முடியவில்லை!

திருடன் நல்ல பூட்டை வாங்கி, சரியாகப் பூட்டி, சாவியைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறான். நாம்தான் நல்ல பூட்டை வாங்கி, சாவியை வாசற்படியில் வைத்துவிட்டுப் போகிறோம்.

பூட்டு மாதிரி ஒரு படம்

எல்லா ஆபீசிலும் "எக்செல்" இருக்கிறது. மைக்ரோசாப்ட் கம்பெனி செய்தது. சம்பளக் கணக்கு, சரக்குக் கணக்கு எல்லாம் அதில்தான்.

அதில் இரண்டு விதமான பாஸ்வேர்டு உண்டு. இது பலருக்குத் தெரியாது.

ஒன்று, பைலையே திறக்கவிடாத பாஸ்வேர்டு. அதுதான் என்கிரிப்ஷன். பாஸ்வேர்டு இல்லாமல் பைலைத் திறந்தால் சங்கேத எழுத்துதான் இருக்கும்.

இன்னொன்று, பைலைத் திறந்தபிறகு, கட்டத்தில் உள்ள எண்ணை மாற்றவிடாத பாஸ்வேர்டு. இது பூட்டே அல்ல. உள்ளே இருக்கும் எழுத்து, எழுத்தாகவேதான் இருக்கிறது. "இந்த எண்ணைத் தொடாதே" என்று எழுதிய அட்டை மாதிரி. கைதவறி எண் மாறாமல் இருக்க அது உதவும். திருடனைத் தடுக்காது. இது பாதுகாப்புக்காகச் செய்தது அல்ல என்று மைக்ரோசாப்ட் கம்பெனியே சொல்கிறது.

சில ஆபீசுகளில், சம்பளக் கணக்கை ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளை "மறைத்து" வைத்து, இந்த இரண்டாவது பாஸ்வேர்டைப் போட்டு, எல்லாருக்கும் அனுப்பிவிடுகிறார்கள். பூட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கிறார்கள். அது கோலமாவினால் போட்ட கோடு. தாண்டுகிறவன் தாண்டிவிடுவான்.

பழைய பைலும் புதிய பைலும்

முதல் விதப் பூட்டிலும் பழையது, புதியது உண்டு.

1997 முதல் 2003 வரை வந்த எக்செல், வேர்டு பதிப்புகளில் வழக்கமாக விழுந்த பூட்டு 40 பிட். மேலே சொன்ன வேலிப்படல்தான் அது.

2007-ல் வந்த பதிப்பில் மைக்ரோசாப்ட், 128 பிட் ஏஇஎஸ் பூட்டைப் போட்டது. 2016 பதிப்பில் அது 256 பிட் ஆனது.

2007-ல் இன்னொரு நல்ல காரியமும் செய்தார்கள். பாஸ்வேர்டை அப்படியே சாவியாக வைக்காமல், அதை 50,000 தடவை அரைத்து, அதில் வரும் மாவைச் சாவியாக வைத்தார்கள். 2010-ல் இதை 1 லட்சம் தடவை ஆக்கினார்கள்.

இதனால் என்ன லாபம்? சரியான பாஸ்வேர்டு போடுகிறவருக்கு ஒரு கண்சிமிட்டும் நேரம்தான் போகும். ஆனால் கோடி பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்க்கும் திருடன், ஒவ்வொன்றையும் அத்தனை தடவை அரைக்கவேண்டும். அவன் இடுப்பு ஒடிந்துவிடும்.

ஆகவே, அலமாரியில் கிடக்கும் 2003-ம் ஆண்டுப் பைலுக்கு, "பாஸ்வேர்டு போட்டிருக்கிறேன்" என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அதைத் திறந்து, புதிய முறையில் மறுபடியும் பூட்டி வையுங்கள். பழைய நகலை அழித்துவிடுங்கள்.

36,525 சாவி

இப்போது சாவிக்கு வருவோம்.

பேங்கிலிருந்து ஈமெயிலில் கணக்குச் சீட்டு வருகிறது. "உங்கள் பிறந்த தேதிதான் பாஸ்வேர்டு" என்று பல பேங்குகள் சொல்கின்றன.

பூட்டு 128 பிட்டாக இருக்கலாம். 256 பிட்டாகவும் இருக்கலாம். ஆனால் 100 ஆண்டில் எத்தனை பிறந்த தேதி இருக்கமுடியும்? வெறும் 36,525!

இமயமலை அளவு உயரமான கோட்டைக்கு, 36,525 சாவிதான்! கம்ப்யூட்டர் அவ்வளவையும் போட்டுப் பார்க்க நீண்ட நேரம் ஆகாது. அதுவும் எதற்கு? உங்கள் பிறந்த தேதி உறவினருக்குத் தெரியும். ஆபீசில் தெரியும். பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லும் சிநேகிதர் எல்லாருக்கும் தெரியும்!

கம்ப்யூட்டரில் இறக்கிக்கொள்ளும் ஆதார் தாளுக்கும் இதே கதைதான். பெயரின் முதல் நாலு எழுத்தும், பிறந்த ஆண்டும்தான் அதன் பாஸ்வேர்டு. பெயர் தெரிந்தவனுக்குப் பாக்கி என்ன? ஆண்டு மட்டும்தான். 100 தடவை போட்டுப் பார்த்தால் தீர்ந்தது!

"பாமர மக்களுக்கு ஞாபகம் இருக்கவேண்டாமா? அதற்காகத்தான் இப்படி வைத்தோம்" என்று சொல்வார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. கடினமான பாஸ்வேர்டு கொடுத்தால் பாதிப்பேர் மறந்துவிடுவார்கள்.

ஆனால் அதற்கு வேறு வழி உண்டு. பாஸ்வேர்டை வாடிக்கைக்காரரே வைத்துக்கொள்ள விடலாம். அல்லது தாளை அனுப்பாமல், அவர் உள்ளே வந்து பார்க்கும்படி செய்யலாம். சுலபம் என்பதற்காக எல்லாருக்கும் தெரிந்த சாவியைக் கொடுத்துவிட்டு, "பூட்டி அனுப்பினோம்" என்று சொல்வது சரி அல்ல.

19 லட்சம் பேர்

பெரிய கம்பெனிகளும் சறுக்கியிருக்கின்றன.

2013-ல் அமெரிக்காவில் அடோபி கம்பெனியிலிருந்து, கோடிக்கணக்கான வாடிக்கைக்காரர்களின் விவரம் திருட்டுப் போனது. பாஸ்வேர்டுகளை அவர்கள் சங்கேத எழுத்தில்தான் வைத்திருந்தார்கள். பூட்டும் மோசமான பூட்டு அல்ல.

ஆனால் எல்லாப் பாஸ்வேர்டையும் ஒரே சாவியால், ஒரே மாதிரி பூட்டியிருந்தார்கள். இரண்டு பேருக்கு ஒரே பாஸ்வேர்டு என்றால், இரண்டு பேருடைய சங்கேத எழுத்தும் ஒன்றாகவே இருந்தது. பக்கத்திலேயே, மறந்தால் ஞாபகப்படுத்த வாடிக்கைக்காரர் எழுதிய குறிப்பு, பூட்டே இல்லாமல் இருந்தது!

ஒரே சங்கேத எழுத்து 19 லட்சம் பேருக்கு இருந்தது. அவர்கள் எழுதிய குறிப்புகளைச் சேர்த்துப் படித்தால் விடை தெரிந்துவிட்டது. "123456" என்பதுதான் அந்தப் பாஸ்வேர்டு!

பூட்டை உடைக்காமலே, குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி விடை கண்டுபிடித்துவிட்டார்கள்.

சாவி யாரிடம்?

இப்போது பல சாப்ட்வேர்கள் நம் கம்ப்யூட்டரில் இல்லை. கணக்கு எங்கோ தூரத்தில் இருக்கும் கம்பெனியின் கிடங்கில் இருக்கிறது. "கிளவுட்" என்கிறார்கள்.

அங்கேயும் பூட்டு உண்டு. கிடங்கிலிருந்து ஒருவன் கம்ப்யூட்டர் தட்டைத் தூக்கிக்கொண்டு போனால், அவனுக்குச் சங்கேத எழுத்துதான் கிடைக்கும். நல்லதுதான்.

ஆனால் உங்கள் பெயரையும் உங்கள் பாஸ்வேர்டையும் சொல்லி ஒருவன் முன்வாசல் வழியாக வந்தால்? அந்தக் கம்பெனியே மரியாதையாகப் பூட்டைத் திறந்து, நல்ல எழுத்தில் கணக்கைக் காட்டும். வந்தவர் நீங்கள்தான் என்று அது நினைக்கும்!

2024-ல் அமெரிக்காவில் இது நடந்தது. "ஸ்னோபிளேக்" என்ற கம்பெனி, பெரிய நிறுவனங்களின் கணக்குகளை வைத்துக் காக்கிறது. அங்கே எல்லாம் ஏஇஎஸ் 256 பிட் பூட்டு. ஆனால் அந்த நிறுவனங்களின் ஆட்கள் பயன்படுத்திய கம்ப்யூட்டர்களில் கெட்ட புரோகிராம் புகுந்து, பாஸ்வேர்டுகளை முன்பே திருடியிருந்தது. அந்தக் கணக்குகளுக்கு, போனில் வரும் இரண்டாவது எண்ணைக் கேட்கும் ஏற்பாடும் இல்லை.

சுமார் 165 நிறுவனங்களுக்கு ஆபத்து என்று எச்சரிக்கை போனது. ஏடிஅண்டுடி என்ற டெலிபோன் கம்பெனியின் செல்போன் வாடிக்கைக்காரர்களில் அநேகமாக எல்லாருடைய போன் விவரமும் திருட்டுப் போனது. யார் யாருக்கு எந்த எண்ணுக்குப் பேசினார்கள் என்ற விவரம்!

256 பிட் பூட்டுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

சாவி தொலைந்தால்

கெட்டியான பூட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. அதற்குச் சொந்தக்காரன் யார், திருடன் யார் என்று தெரியாது. சாவி இருந்தால் திறக்கும். இல்லாவிட்டால் திறக்காது.

முதலாளி மட்டும் பாஸ்வேர்டு தெரிந்தவர். அவர் திடீரென்று காலமானால்? மனைவியும் மக்களும் கணக்கைத் திறக்கமுடியாது. யார் யார் பாக்கி தரவேண்டும் என்று தெரியாது. இமயமலை அவர்களுக்கும் இமயமலைதான்.

ஆகவே, பாஸ்வேர்டைத் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, பீரோவிலோ பேங்கு லாக்கரிலோ வையுங்கள். வெளிநாட்டுத் திருடனால் உங்கள் பீரோவுக்குள் கைவிட முடியாது. கம்ப்யூட்டர் மேலேயே சீட்டு ஒட்டி வைப்பதுதான் தப்பு.

நல்ல பாஸ்வேர்டு எது?

சம்பந்தமே இல்லாத ஐந்து சொற்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். "முருங்கை, ரயில், ஊறுகாய், மேளம், ஜன்னல்" என்கிற மாதிரி. (இதையே வைத்துக்கொள்ளாதீர்கள். இது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது!)

மனதுக்குப் பிடித்த சொல் வேண்டாம். 5,000 சொல் உள்ள ஒரு அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து, விரல் பட்ட சொல்லை எடுங்கள். அப்படி ஐந்து சொல் எடுத்தால், 31,250 கோடி கோடி விதம் ஆகிறது. வினாடிக்கு 10 லட்சம் போட்டுப் பார்க்கிறவனுக்கும் எல்லாவற்றையும் போட்டு முடிக்கச் சுமார் 1 லட்சம் ஆண்டு ஆகும்.

பிறந்த தேதியோ, அதே திருடனுக்கு ஒரு வினாடிகூடத் தாங்காது.

ஒரு பாஸ்வேர்டை ஒரு இடத்துக்கு மட்டும் வையுங்கள். போனில் இரண்டாவது எண் கேட்கும் வசதி இருந்தால், சலித்துக்கொள்ளாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

கேட்கவேண்டிய கேள்வி

நம் நாட்டில் 2023-ல் பாராளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. மக்களின் சொந்த விவரங்களை வைத்திருப்பவர்கள், தக்க பாதுகாப்பு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று அதில் எழுதியிருக்கிறது.

நல்ல சட்டம். ஆனால் "தக்க பாதுகாப்பு" என்பதற்கு "256 பிட்" என்ற வார்த்தையையே பதிலாகச் சொல்லித் தப்ப விடக்கூடாது.

சாப்ட்வேர் விற்கிறவர்கள், மருந்துப் புட்டியில் எழுதுகிற மாதிரி மூன்று விஷயங்களை வெளிப்படையாக எழுதவேண்டும். எதை எல்லாம் பூட்டுகிறோம், எதைப் பூட்டவில்லை? சாவி யாரிடம் இருக்கிறது? பாஸ்வேர்டு மறந்தால் என்ன ஆகும்?

மூன்றாவது கேள்வி மிகவும் முக்கியம். "கவலை வேண்டாம், நாங்களே திறந்து கொடுத்துவிடுவோம்" என்று ஒருவர் சொன்னால், சாவி அவரிடம் இருக்கிறது என்று அர்த்தம். அவர் நல்லவராக இருக்கலாம். ஆனால் அவர் வீட்டிலும் திருடன் புகலாம்.

கடைக்காரர்கள், "நம்முடையது சின்னக் கடை, நம்மிடம் யார் திருடப்போகிறார்கள்?" என்று இருக்கக்கூடாது. கம்ப்யூட்டர் திருடன் கடையின் போர்டைப் பார்த்து வருவதில்லை. எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று ஆயிரம் கதவைத் தள்ளிப் பார்க்கிறான்.

நம்மிடம் வாடிக்கைக்காரர் கொடுத்த விவரம், அவர் நம்பிக் கொடுத்த அடகு நகை மாதிரி. அது தொலைந்தால் பணம் மட்டும் போவதில்லை; மானமும் போகிறது.

உலகத்து அறிஞர்கள் 30 ஆண்டுக்குமேல் பாடுபட்டு, உடைக்கமுடியாத பூட்டைச் செய்து கொடுத்துவிட்டார்கள். அவர்கள் வேலை முடிந்தது.

சாவியைக் காப்பாற்றுவது நம் வேலை!